தொள்ளாயிரத்து முப்பது கிராம்

தின்னர் மணம் மூன்றாம் மாடியிலேயே என்னைப் பிடித்துவிட்டது. கையில் மரக்கறிப் பை, செருப்பில் கடல்மணல், மேலே ஏற இன்னும் ஒரு மாடி. படிக்கட்டுக் கம்பிக்கு எனாமல் அடித்துக்கொண்டிருந்தவர் தூரிகையை ஒதுக்கிப் பிடித்து, "தொட்டுராதீங்க ஐயா, ஈரம்," என்றார்.

"எத்தனையாவது பூச்சு?"

"ரெண்டு முடிஞ்சிருச்சு. மூணாவது நாளைக்கு."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பதறி, தண்ணி வேணுமா என்று கேட்டார். வேண்டாம், மணம்தான், என்றேன். பெயின்ற் மணத்துக்கு இப்படி உட்காருகிற ஆளை அவர் முன்பு பார்த்திருக்க மாட்டார்.

வெள்ளவத்தையில் ஒரு பூச்சோடு நிறுத்துகிறவர் எவருமில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல். அதன் உப்பு சன்னல் கம்பியைத் தின்னும், சைக்கிள் செயினைத் தின்னும், பூட்டின் நாக்கைக்கூட விடாது. அதனால் தைப்பொங்கலுக்கு முன் எல்லா ஃபிளாட்டிலும் இரும்புக்கு மூன்று பூச்சு. ஒன்று போதும் என்று சொல்பவனைக் கஞ்சன் என்போம். இங்கே பிறந்த கை அப்படிப் பழகிவிட்டது. என் கையும்தான். அந்தப் பழக்கத்தால் ஒரு மனிதனின் கடைசி ஆகாயத்தை நான் தரையில் போட்டேன்.

அவன் கொட்டாஞ்சேனைக்காரன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். முப்பது வருடம் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, காலுக்குக் கீழே கொள்கலன்கள் ஆடுவதைப் பார்த்தே வாழ்ந்தவன். நான் காலி நகரை நோக்கிப் போகும் வீதியிலிருந்து இறங்கும் ஒரு சந்தில், ரியூசன் வகுப்பில், உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிப்பவன். புறக்கோட்டையில் ஒரு கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் மிச்சமிருந்த ஒரேயொரு மாதிரி விமான மோட்டரை இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம். அப்படித்தான் பழக்கம். அவன் விட்டுக்கொடுத்தான், ஒரு நிபந்தனையோடு: முதல் பறப்புக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

அதன்பின் பதினைந்து வருடம், மழையில்லாத ஞாயிறுகளில், அவன் விடியற்காலைப் பூசை முடித்து வர, அத்துருகிரியவுக்கு அப்பால் கைவிடப்பட்ட ஒரு வயலுக்குப் போனோம். மாதிரி விமானம் விடுகிற இரண்டு கிழட்டுப் பயல்கள். அவனுடையவை குட்டைச் சிறகு வைத்தவை, கனத்தவை, சீறிக்கொண்டு போகிறவை. என்னுடையவை நீண்ட சிறகு, வெறும் எலும்பு, காற்றில் மிதக்கிறவை.

"உன்ட பிளேன் உன்ட கிளாஸ் மாதிரியேதான்டா வாத்தி. ஊர்ந்து ஊர்ந்து. பாக்கிறவனுக்கு நித்திர வருது."

"உன்ட பிளேன் கொட்டாஞ்சேனை த்ரீவீல். பிரேக்கும் இல்ல, வெக்கமும் இல்ல."

இந்த வித்தியாசம் முழுவதும் ஒரே கணக்கில் அடங்கும். விமானத்தின் எடையைச் சிறகின் பரப்பால் பிரித்தால், சிறகின் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு சுமக்கிறது என்று வரும். சுமை குறைந்தால் மெதுவாகப் பறந்தாலும் விழாது. கிட்டத்தட்ட நடக்கிற வேகத்தில் வந்து புல்லில் உட்காரும். பதிலுக்குக் காற்று அதை வைத்து விளையாடும். சுமை கூடினால் காற்றைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகும். ஆனால் வேகத்தைக் குறைத்தாயோ, ஒரு புள்ளிக்குக் கீழே சிறகு காற்றை விட்டுவிடும். விட்டபின் அது விமானம் இல்லை, கட்டை. என் வகுப்பில் கரும்பலகையில் இதை வர்க்கமூலம் போட்டு விளக்குவேன். அவன் பிஸ்கட் வைத்து விளக்குவான். சீனிவருத்தக்காரன், பையில் எப்போதும் கிறீம் கிராக்கர் இருக்கும்.

"சிறகை உள்ளங்கை அளவு சதுரமா வெட்டிக்கோ. ஒவ்வொரு சதுரத்துக்கும் மேல எத்தன பிஸ்கட் வெச்சிருக்கிற? மூணு வெச்சா அது குருவி. அஞ்சு வெச்சா கோழி. அவ்ளோதான்டா உன்ட பௌதிகம்."

எதையும் பறக்கவிடுமுன் அவன் எடை பார்ப்பான். மடிக்கிற சின்ன டிஜிற்றல் தராசு ஒன்றைக் காரின் பொனற்றில் வைத்து, விமானத்தை அதன்மேல் ஏற்றி, எண்ணை வாய்விட்டுச் சொல்வான். கூண்டிலிருந்து வந்த பழக்கம். "என்ன தொங்குது எண்டு தெரியாம நான் எதையும் தூக்கினதில்ல மச்சான். ஒரு நாளும் இல்ல." பாரம் தெரிந்தால் கைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரியும், என்பான். மற்றதெல்லாம் நேரத்தைப் பற்றியதுதான்.

பிறகு கண் போகத் தொடங்கியது. சீனிவருத்தம் கண்ணுக்குப் பின்னால் ஏறிவிட்டது. முதலில் கிரேனிலிருந்து இறக்கிக் கீழே வாசலில் உட்கார வைத்தார்கள். பிறகு அதுவும் இல்லை. நடுப்பார்வையில் புகை, ஓரத்தில் கொஞ்சம் நிறம். தராசின் எண்ணை நான் வாசித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அவனுடைய சீறும் விமானங்கள் ஒவ்வொன்றாக வயலில் புதைந்தன. அவை வளையுமுன் அவன் கண் தவறவிட்டது. கண் பிடித்தபோது நேரம் போய்விட்டது. மெல்பேர்னிலிருந்த மகள் அப்பாவையும் அம்மாவையும் தன்னிடம் எடுக்க எழுதிக்கொடுத்தாள். விசா வந்தது. செவ்வாய்க்கிழமை விமானம்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, தன் வீட்டு விறாந்தையில், தன் மனைவி தேநீர் வைத்துவிட்டு உள்ளே போகும்வரை காத்திருந்து, அவன் கேட்டான்: "மச்சான், எனக்கு ஒண்டு செய்வியா? என்ட கண்ணுக்கு ஏத்த மாதிரி மெதுவாப் போற ஒண்டு. உன்ட வகுப்பு மாதிரி. ஒருக்கா நானே ஏத்தி, நானே இறக்கிட்டுப் போறேன். இல்லாட்டி அங்க போய்க் கதிரையில இருக்கிறது மட்டும்தான் என்ட வேல எண்டாகிரும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். தேநீர்க் கோப்பையைத் தேடிய கை இரண்டு விரல்கடை தள்ளி மேசையைத் தொட்டது.

செய்தேன். நான் செய்தவற்றில் அதுதான் பெரியது. ஓர் ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான சிறகு. எடையே தெரியாத மெல்லிய பால்சா மரப் பலகை, தடித்த இடத்தில் பென்சில் அளவு. மேலே ஒட்டும் பிளாஸ்ரிக் உறை அந்த மாதங்களில் இறக்குமதியாகவில்லை. வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு கட்டுகிற தாளை வாங்கி ஒட்டினேன், செம்மஞ்சள் நிறத்தில். முழு விமானம் தொள்ளாயிரம் கிராம். சிறகில் ஐம்பது உள்ளங்கைச் சதுரம். ஒரு சதுரத்துக்குப் பதினெட்டுக் கிராம், மூன்று பிஸ்கட்.

முதல் சோதனையில் அது பறந்ததை என்னால் எழுத முடியாது. எழுந்து நின்றது என்றுதான் சொல்லவேண்டும். அவன் இறங்குகட்டத்தில் வேலியோரத் தென்னைக்கு நேரே மோட்டரை முழுவதும் அணைத்தான். விமானம் விழவில்லை, யோசித்து யோசித்து முப்பது அடி மிதந்தது. "அட, இது தானா வருது!" என்று கூவினான். பிறகு மோட்டரை மறுபடி போட்டு, மேலே ஏற்றி, தூரத்தில் ஒரு வட்டம் போட்டபோது கழுத்தை அங்குமிங்கும் திருப்பினான். மெல்லிய தாளுக்குள்ளால் வெயில் புகுந்து, அதன் நிறம் வானத்தோடு கரைந்துவிட்டது.

"தெரியேல்ல மச்சான்."

ரிமோட்டை என் பக்கம் நீட்டினான். நான் இறக்கினேன்.

இனி எஞ்சியிருந்தது ஒரேயொரு ஞாயிறு.

என் வீட்டில் அரைத் தகரம் பெயின்ற் இருந்தது. எத்தனையோ வருடத்துக்கு முன் அவனே துறைமுகத்திலிருந்து கொண்டுவந்து தந்தது; கப்பல்களில் தொங்கும் உயிர்காப்புப் படகுக்கு அடிக்கிற கடும் செம்மஞ்சள். கடல் முழுவதும் அலை அடித்தாலும் அந்த நிறம் கண்ணுக்குப் படவேண்டும் என்று செய்த நிறம். ஒரு பூச்சு, மெல்லியதாக. அவ்வளவுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான்.

ஒரு பூச்சில் தாளின் கீழிருந்த விலா எலும்புகள் கோடு கோடாகத் தெரிந்தன. வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன். இன்னும் ஒளி கசிந்தது. இரண்டாவது அடித்தேன். ஓரங்களில் திட்டுத் திட்டாக இருந்தது. வெள்ளவத்தைக் கைக்கு அது பொறுக்காது. மூன்றாவது அடித்தபோது ஒளி அடங்கியது. சிறகு படகைப் போலத் திடமாக, வெட்கமில்லாமல், செம்மஞ்சளாகக் கிடந்தது. வாலுக்கும் மூன்று பூச்சு. கப்பல் பெயின்ற் கனமானது என்று எனக்குத் தெரியாதா? வால் கனத்ததும் மூக்குத் தூக்கிக்கொண்டது. வால் பக்கம் கொஞ்சம் ஏறினாலும் சமநிலைக்கு மூக்கில் அதைப்போல் நாலு மடங்கு வைக்கவேண்டும். தூண்டில் ஈயம் வைத்தேன். ஒன்று. இன்னொன்று. பிறகு எண்ணவில்லை.

தராசில் வைத்தேன். ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு.

சதுரத்துக்கு இருபத்தாறு கிராம். நான்கு பிஸ்கட்டுக்கு மேல். விழாமல் பறக்க இனி முன்பைவிட ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூட வேண்டும். கரும்பலகையில் இருநூறு பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டிய கணக்கு. அவனுக்குத் தெரியட்டும் என்று கனமாக்கினேன், கனமானதால் வேகமாயிற்று, வேகமானதால் அவன் கண்ணுக்கு அது மறுபடி எட்டாமற் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். சுரண்டிப் பார்த்தேன், தாள் கிழிந்தது. ஒட்டினேன். அடுத்த நாள் ஞாயிறு.

வயலில் அவன் வெள்ளைச் சேட் போட்டு நின்றான், பூசைக்குப் போட்டது. பக்கத்துத் தோட்டம் காவல் பார்க்கிற சிங்களப் பெரியவர் வழக்கம்போலத் தன் குடிசை வாசலில் குந்தியிருந்தார். நான்தான் சிறகைப் பூட்டினேன். நான்தான் தூக்கிப் பொனற்றில், தராசின்மேல் வைத்தேன். அவன் குனிந்தான், மூக்குத் தொடுமளவுக்கு. உள்ளங்கையால் சிறகைத் தடவினான்.

"அடேயப்பா. லைஃப்போட். எத்தன பூச்சு?"

"ஒண்டுதான்."

"ஒரு பூச்சுக்கு நல்ல வழவழப்பு. எவ்வளவுடா காட்டுது?"

எண்கள் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. அவன் முகம் அவற்றின் மேலேயே இருந்தது. அந்த வெளிச்சம் அவன் மூக்கில் பட்டதுகூட எனக்குத் தெரிந்தது.

"தொள்ளாயிரத்து முப்பது," என்றேன்.

"முப்பது கிராம்தான் ஏறியிருக்கா? நீ மனுசன்டா." என் தோளில் தட்டினான். "அப்ப அது போன கிழமை மாதிரியேதான். பயமில்ல."

அந்தத் தட்டின் பாரம் எத்தனை கிராம் என்று இன்றுவரை எனக்குக் கணக்கு வரவில்லை. ஏன் பொய் சொன்னேன் என்று எத்தனை விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டேன். உண்மையான எண்ணைச் சொல்லியிருந்தால் இரண்டிலொன்று நடந்திருக்கும். பறக்கவிடாமல் திரும்பியிருப்போம், அல்லது அந்த எடைக்கு ஏற்றபடி வேகம் வைத்து அவன் இறக்கியிருப்பான். முப்பது வருடம் பாரம் தெரிந்து தூக்கிய கை. இரண்டாவதை நான் நினைத்தே பார்க்கவில்லை. அவன் கையை அல்ல, கண்ணை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எறிந்தேன், வழமையைவிடப் பலமாக. விமானம் முழங்காலளவுக்கு இறங்கிப் புல்லை உரசிப் பிறகு ஏறியது.

"என்னா, தள்ளாடுது?"

"காத்து மச்சான்."

ஏறியதும் அவன் முகம் மாறியது. வாய் திறந்தது. "தெரியுது," என்றான். "டேய், தெரியுதுடா. முழுசாத் தெரியுது." வானத்தில் ஒரு செம்மஞ்சள் கீறல் போய்க்கொண்டிருந்தது. அவன் கழுத்து அதோடு திரும்பியது. வளைவுகளைப் பிந்தித்தான் போட்டான், பிந்தினாலும் போட்டான். ஒரு வட்டம், இரண்டு, மூன்று. சிரித்தான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. இரண்டு கையும் ரிமோட்டில் இருந்தன. எனக்கும் ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது. கணக்குகள் சில நேரம் ஆளைப் பார்த்து விட்டுக்கொடுக்கும் என்று நம்பினேன். பௌதிகம் படிப்பிக்கிறவன்.

"இறக்கப் போறேன்," என்றான்.

தென்னைக்கு நேரே வந்தது. போன கிழமை போலவே. அவன் போன கிழமை போலவே மோட்டரை அணைத்தான். "இனி இது தானா வரும் பார்."

வேகம் குடு என்று நான் கத்தியிருக்க வேண்டும். இரண்டு சொல். வாய் திறந்திருந்தது. கத்தினால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று கேட்டால் எண்ணைச் சொல்லவேண்டும். அந்த ஒரு கணத்தை நான் எனக்காக வைத்துக்கொண்டேன். மூக்கு நிமிர்ந்தது, விமானம் நின்றது, இடது சிறகு கீழே சரிந்தது. அப்புறம் அது கட்டை.

ஈர மண்ணில் பெரிய சத்தம் வராது. ஒரு சப்பட்டையான சத்தம். அவன் பெருவிரல்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. இல்லாத ஒன்றை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டிருந்தன.

"எங்க? மச்சான், எங்க அது?"

"விழுந்திட்டுது."

காவல்காரப் பெரியவர் எழுந்து வந்து, உடைந்ததைப் பார்த்து, "அபராதே, அய்யே," அநியாயமாய்ப் போச்சே என்று சிங்களத்தில் சொல்லி நாக்கைச் சப்புக்கொட்டினார். அவன் முழங்காலில் இருந்து துண்டுகளைத் தடவிப் பொறுக்கினான். தாளோடு ஒட்டியிருந்த ஒரு பெயின்ற் சில்லு அவன் விரலுக்கு வந்தது. பெருவிரலால் அதன் விளிம்பைத் தேய்த்தான், நீண்ட நேரம். கண்டுகொள்வான் என்று நினைத்தேன். கண்டுகொள்ள மாட்டானா என்று வேண்டினேன். அவன் அதைச் சேட் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"காத்தோ?" என்று நானே கேட்டேன், கோழை.

"காத்து இல்ல. காத்தெண்டா தென்ன ஓலை சத்தம் போட்டிருக்கும். என்ட கண்தான். கிட்ட வந்திட்டுது எண்டு நினைச்சிட்டேன் போல."

திரும்பும் வழி முழுவதும் மழைத்தூறல். பின் ஆசனத்தில் உடைந்த சிறகு, செம்மஞ்சள், தின்னர் மணம் இன்னும் போகாமல். பொரளையில், மருதானையில், எல்லாச் சிவப்பு விளக்கிலும் சொல்ல நினைத்தேன். பச்சை விழுந்தது.

மெல்பேர்ன் போனபின் ஃபோனில் கதைப்போம். அவன் பக்கம் எப்போதும் மனைவி, மகள், பேரப்பிள்ளையின் அழுகை. அதற்குள் எப்படிச் சொல்வது என்று நான் எனக்குக் காரணம் வைத்துக்கொண்டேன். அவன் மனைவிதான் ஒருநாள் சொன்னா: "இவர் எங்கயும் போறாரில்ல அண்ணா. பார்க் பக்கத்துலதான் இருக்கு. தனியா ரோட்டுத் தாண்ட மாட்டாராம். அண்டைக்கே தெரிஞ்சிருச்சாம், தன்ட கணக்கு இனிச் சரிவராது எண்டு." அந்தக் கணக்கு என்னுடையது என்று அவவிடம் சொல்லவில்லை. பிறகு அவன் ஃபோனுக்கு வருவது குறைந்தது. இப்போது வருவதேயில்லை. படுத்திருக்கிறார், என்கிறார்கள். எந்த நேரம் எடுத்தாலும் படுத்திருக்கிறான்.

அவனை நான் கடைசியாகக் கண்டது அந்த ஞாயிறுதான், கொட்டாஞ்சேனையில், அவன் வீட்டுச் சந்தின் வாயில். கோயில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. பாண் விற்கிற த்ரீவீல் பாட்டோடு எங்களைக் கடந்து போனது. அவன் கார்க் கதவைத் திறந்து, காலால் தெருவோர வடிகானைத் தேடி, தாண்டி நின்றான். பிறகு குனிந்து, என் முகம் இருக்கும் என்று நினைத்த இடத்தைப் பார்த்தான்.

"மனசில வெச்சிக்காத மச்சான். நீ செஞ்சதில ஒரு பிழையும் இல்ல. தொள்ளாயிரத்து முப்பது, என்னா?"

"ஓம்," என்றேன். "தொள்ளாயிரத்து முப்பது."